முதுமையும் சுயேச்சையும்

நம்மவருள் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் வயது முதிர்ந்த தாயோ தந்தையோ இருப்பின், அவரைப் பற்றி விசாரிப்போரிடம், "அவருக்கென்ன குறை? ஒரு துரும்பைக்கூட எடுத்து அப்பால் வைக்க விடுவதில்லை, இருந்த இடத்திற்கே எல்லாம் வந்துவிடும்" என்று பெருமையோடு சொல்லிக்கொள்வோம். கேட்பவரும், "பெற்றால் இப்படிப்பட்ட பிள்ளையைப் பெறவேண்டும்" என்று மெச்சிச் செல்வர். நாமும் இவ்வாறு பெருமை பேசியவருள் ஒருவரே. அப்பெருமை எத்துணைத் தவறானது என்பதை நமக்கு உணர்த்தியவர் நம் தந்தையைப் பெற்ற பாட்டியார். நாம் அவரை அப்பாயி என்றே அழைப்போம். நாம் அதனை உணர்வதற்குள் அம்மூதாட்டியார் ஏழு மாதம் துன்புற நேர்ந்தது. அதே தவறு நம்மவர் இல்லங்கள் பலவற்றில் அன்பின் பெயரால் நடைபெற்று வருவதைக் காண்கிறோம். ஆதலின், நம் வீட்டுச் செய்தியைச் சபையில் வைக்கத் துணிந்தோம்.

அப்பாயி 1929ல் திருச்சி ஜில்லாவில் பிறந்தவர். 1937ல், எட்டு வயதுச் சிறுமியாகப் பெற்றோருடன் கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கினார். தோட்டத் தொழிலாளர் உதவி பெற்று மலாயாவுக்கு வருவதை இந்திய அரசாங்கம் அடுத்த ஆண்டே, அதாவது 1938ல், நிறுத்திவிட்டது. பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டமொன்றில் சிறு வயதில் புல் வெட்டினார். யுத்தம் முடிந்தபின் பால்வெட்டுக்குச் சென்றார். பொழுது புலருமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, நிரை பிடித்து, மங்கு துடைத்து, இரண்டு வாளிப் பாலைக் காண்டாக் கம்பில் சுமந்து வாழ்ந்த வாழ்க்கை அது. 1984ல், 55ஆம் வயதில், உளியைக் கீழே வைத்தார்.

வைத்தார் என்றோமேயன்றி ஓய்ந்தார் என்று கூறினோமில்லை. அதன் பின்னரும் ஆயாக் கொட்டகையில் தாய்மார் விட்டுச் சென்ற குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். லயத்தின் பின்புறம் கீரையும் மரவள்ளியும் பயிரிட்டார். தோட்டத்து வாழ்வை நாம் புகழ வந்தோமில்லை. உழைப்பு நின்றால் வீடும் போய்விடும் என்னும் அச்சம் முதியவர் ஒவ்வொருவர் தலைமீதும் தொங்கிய இடம் அது. ஆயினும் அங்கே ஒன்று இருந்தது. கால் தளர்ந்தவருக்குக் கைவேலையும், கை தளர்ந்தவருக்குக் கண்வேலையும் கிடைத்தன. "உன்னால் ஆவது ஒன்றுமில்லை, உட்கார்" என்று எவரும் எவரையும் சொல்லவில்லை.

பின்னர்த் தோட்டம் விற்பனையாகி, லயங்கள் இடிபட்டபோது, அவர் கிள்ளானில் நம் தந்தையார் இல்லத்திற்கு வந்து சேர்ந்தார். அங்கும் இருபது ஆண்டுகள் தம் துணியைத் தாமே துவைத்தார். வாசலில் கறிவேப்பிலையும் முருங்கையும் வைத்தார். காலையில் தாமே நடந்து சென்று மீன் வாங்கி வந்தார். விலை பேசுவதில் அவரை வென்ற மீன்காரரை நாம் கண்டதில்லை.

2016ன் தொடக்கத்தில், 87ஆம் வயதில், குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை செய்தனர். பன்னிரண்டு நாட்களில் வீடு திரும்பினார். டாக்டர்கள் தம் கடமையைச் செவ்வனே செய்தார்கள். அதற்குமேல் நேர்ந்த கேடு நம் இல்லத்தாரால் நேர்ந்தது.

நாம் செய்தவற்றை மறையாது கூறுவோம். அவரைக் கட்டிலில் கிடத்தினோம். எழ முயன்றால், "விழுந்துவிடுவீர்கள், படுங்கள்" என்று தடுத்தோம். நம் அன்னையார் அவரைத் துடைத்துவிட்டார், உடுத்தினார், குழைந்த கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினார். கழிப்பறைக்கு நடத்திச் செல்ல நேரமில்லையென்று, குழந்தைக்கு இடுவதுபோன்ற துணியை இட்டோம். அவருடைய வாளியையும் துவைக்கும் பலகையையும் ஒழித்தோம். "இனி உங்களுக்கு எதற்கு?" என்று, வெற்றிலையோடு காசும் வைத்திருந்த சுருக்குப் பையைத் தந்தையார் வாங்கிப் பெட்டியில் வைத்தார். யாவரும் வேலைக்குச் செல்லும்போது வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துச் சென்றவர், இதனை எழுதும் நாமே.

ஏழு மாதம் கழிந்தது. கட்டிலினின்றும் தாமாக எழ அவரால் முடியவில்லை. கால்கள் குச்சிகளாயின. பேச்சுக் குறைந்தது. உறவினர் வந்து, "வயதாகிவிட்டது, இனி இப்படித்தான்" என்றனர். நாமும் தலையசைத்தோம். ஒருநாள் மாலை நாம் பூட்டைத் திறந்து உள்ளே சென்றபோது, அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்:

"சாமியத்தான்யா மத்தவங்க குளிப்பாட்டி, துணி உடுத்தி, படையல் போட்டு, கதவப் பூட்டிட்டுப் போவாங்க. நான் இன்னும் கல்லாவலியே."

அச்சொல் நம் நெஞ்சில் தைத்தது. இத்தனை நாளும் நாம் நடத்தி வந்தது தொண்டு அன்று, பூசையே என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. கல்லுக்குப் பூசை செய்தால் கல்லுக்கு நட்டமில்லை. உயிருள்ள மனிதருக்குச் செய்தால் அவர் மெல்ல மெல்லக் கல்லாகிறார்.

நிற்க. அடுத்த வாரம் அவரை மீண்டும் வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். அங்கே உடற்பயிற்சிச் சிகிச்சை அளிக்கும் மலாய் மாது ஒருவர் இருந்தார். அவர் நம்மிடம் எதுவும் கேட்கவில்லை. அப்பாயியின் முன் அமர்ந்து, "நெனெக், நீங்கள் என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள்?" என்று மலாயில் கேட்டார். அதற்கு அப்பாயி, தோட்டத்து மலாயில், தம் கழிப்பறைக்குத் தாமே போகவேண்டும், தம் துணியைத் தாமே துவைக்கவேண்டும் என்றார். ஏழு மாதத்தில் நம் வீட்டார் எவரும் இக்கேள்வியை அவரிடம் கேட்டதில்லை. "இவருக்கு நோய் எலும்பில் இல்லை, எலும்பு சேர்ந்துவிட்டது. படுத்துப் படுத்துத் தசை கரைந்துவிட்டது" என்று அம்மாது நமக்கு விளக்கினார்.

இது மிகைக் கூற்றன்று. 2007ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சராசரி 67 வயதுள்ள, நோயில்லாத முதியோர் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து பார்த்தனர். அப்பத்தே நாளில் அவர்கள் கால்களில் ஏறக்குறைய 1 கிலோ தசை குறைந்துபோயிற்று. நோயற்றவருக்குப் பத்து நாளில் இது நேருமாயின், 87 வயதில் எலும்பு முறிந்தவருக்கு ஏழு மாதத்தில் என்ன நேரும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

போன வலிமை முதுமையில் திரும்புமோ என்று சிலர் ஐயுறுவர். திரும்பும். 1990ல் பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, சராசரி 90 வயதுள்ள பத்துப் பேரைக் கால்களால் எடை தூக்கும் பயிற்சியில் ஈடுபடுத்தினர். எட்டு வாரப் பயிற்சியை ஒன்பது பேர் முடித்தனர். அவர்கள் கால்வலிமை சராசரி 174 சதவீதம் கூடிற்று. அதாவது முன்னிருந்ததைப்போல் இரண்டே முக்கால் மடங்கு ஆயிற்று. அவருள் இருவர், கைத்தடியின்றி நடக்கலாயினர். பத்துப் பேரைக்கொண்டு செய்த சிறு சோதனையேயாயினும், தொண்ணூறு வயதுத் தசையும் பயிற்சிக்குச் செவிசாய்க்கும் என்பதை அது காட்டிற்று. பின்னர் வந்த பெரிய ஆராய்ச்சிகளும் அதனையே வலியுறுத்தின. "தலைவிதி", "வயசுக்கோளாறு" என்று நம்மவர் கைவிரிப்பதற்கு இதில் இடமில்லை.

அப்பாயிக்குக் கற்பித்த பயிற்சி மிக எளிது. உறுதியான நாற்காலியில் அமர்ந்து எழுவது; முதலில் கைகளை ஊன்றி, பின்னர் ஊன்றாமல். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தி இறக்குவது. நான்கு கால் தாங்கியைப் பிடித்து நாளொன்றுக்குச் சில அடி கூடுதலாக நடப்பது. "வெறுங்கஞ்சி கொடுத்தால் தசை எங்கிருந்து வரும்?" என்று அம்மாது கேட்கவே, முட்டையும் மீனும் பருப்பும் சேர்த்தோம். முதுமையில் தாகம் மந்தப்படும் என்றும், கேளாவிடினும் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும் என்றும் அறிவுறுத்தினார்.

முன்னேற்றம் எவ்வாறு வந்தது என்பது கவனிக்கத்தக்கது. சிட்னி காட்ஸ் என்னும் அமெரிக்க டாக்டரும் அவர் குழுவினரும் 1963ல் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லல், படுக்கையினின்றும் எழுதல், மலசலத்தை அடக்கல், உண்ணல் என்னும் ஆறு காரியங்களில் ஒருவர் எத்தனையைப் பிறர் உதவியின்றிச் செய்கிறார் என்பதே அவ்வளவுகோல். நோயினின்று தேறுவோர் இவற்றைக் கண்டபடி மீட்பதில்லையென்றும், உண்ணலும் அடக்கலும் முதலில், எழுதலும் கழிப்பறை செல்லலும் அடுத்து, உடுத்தலும் குளித்தலும் இறுதியில் என்னும் வரிசையில் மீட்கின்றனரென்றும், குழந்தைகள் வளரும் ஒழுங்கும் இதனை ஒத்ததே என்றும் அவர்கள் கண்டனர்.

நம் இல்லத்திலும் அதுவே நிகழ்ந்தது. முதல் வாரம் அப்பாயி கரண்டியை நம் அன்னையார் கையினின்றும் வாங்கிக்கொண்டார். சோறு சிந்தியது, சிந்தட்டும் என்று இருந்தோம். இரண்டாம் மாதம் துணியிடுவது நின்றது. மூன்றாம் மாதம் தாங்கியோடு கழிப்பறைக்குத் தாமே சென்றார். ஐந்தாம் மாதம் கைலியைத் தாமே கட்டிக்கொண்டார். குளிப்பதுதான் கடைசியில் வந்தது. அன்று அவர் குளித்து முடிக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. கதவுக்கு வெளியே நின்றிருந்த நமக்கு, உள்ளே ஓடி உதவவேண்டும் என்று கைகள் துடித்தன. கையைக் கட்டிக்கொண்டு நிற்பதே அன்று நாம் செய்த உதவி. அதனினும் கடினமான உதவியை நாம் யாருக்கும் செய்ததில்லை.

உதவி என்பது யாது? வாளியைப் பிடுங்கித் தாம் சுமப்பது ஒருவகை. வாளியில் பாதித் தண்ணீர் ஊற்றிக் கையில் கொடுப்பது மற்றொரு வகை. முன்னது முதியவரின் வலிமையைத் தின்னும், பின்னது வளர்க்கும். சுயேச்சை என்பது எவர் துணையுமின்றித் தனித்து வாழ்தல் என்று நாம் கருதவில்லை. அவ்வாறு வாழ்பவர் இளையோரிலும் இலர். தம்மால் இயன்றதைத் தாம் செய்வதும், இயலாததை யார், எப்போது, எவ்வாறு செய்யவேண்டும் என்று சொல்லும் உரிமையைத் தாம் வைத்திருப்பதுமே சுயேச்சை.

அவ்வுரிமைக்குப் பணமும் சாவியும் இன்றியமையாதவை. 1951ல் தொடங்கப்பட்ட ஊழியர் சேமநிதியில் அப்பாயியின் கூலியிலிருந்தும் மாதந்தோறும் பிடித்தனர். 55ஆம் வயதில் கைக்கு வந்த அத்தொகையை, கிள்ளானில் நாம் குடியிருக்கும் இவ்வீட்டின் முன்பணத்திற்கென நம் தந்தையாரிடம் கொடுத்துவிட்டார். அவ்வீட்டிற்குள்ளேயே, வெற்றிலைக்கு இரண்டு வெள்ளி வேண்டுமென்று மகனிடம் கேட்டு நின்றார்! இதனை உணர்ந்த அன்று தந்தையார் எதுவும் பேசவில்லை. சுருக்குப் பையை எடுத்து, அதில் 50 வெள்ளி வைத்து, வீட்டுச் சாவியொன்றும் சேர்த்து அவர் மடியில் வைத்தார். அப்பாயி காசை எண்ணிப் பார்த்துவிட்டு, சாவியைத்தான் முதலில் முடிந்துகொண்டார்.

"விழுந்துவிட்டால் யார் பொறுப்பு?" என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வியே. விழுதலைத் தடுக்கும் வழி முதியவரைக் கட்டிப்போடுவதன்று. விழச்செய்யும் காரணங்களை அகற்றுவதே. ஈரமும் பாசியும் படிந்த குளியலறைத் தரை, இருட்டான நடைவழி, தளர்ந்த செருப்பு, தடுக்கும் விரிப்பு, புரை விழுந்த கண், தூக்க மாத்திரை, படுக்கையினின்றும் திடீரென எழுகையில் இரத்த அழுத்தம் தாழ்ந்து வரும் மயக்கம், இவற்றுடன் தசையின் தளர்ச்சியும் சேர்ந்தே பெரும்பாலும் விழச்செய்கின்றன. இவற்றுட் பல நம் கையிலேயே உள்ளன. சிங்கப்பூரில் 2012 முதல், முதியோர் வாழும் அடுக்குமாடி வீடுகளில் குளியலறைக் கைப்பிடி பொருத்தவும் தரையை வழுக்காததாக்கவும் ஆகும் செலவில் பெரும்பங்கை அரசாங்கமே ஏற்று வருகிறது. நம் வீட்டில் இரண்டு கைப்பிடிகளைச் சுவரில் பொருத்த அரைநாள் ஆயிற்று. முன்பே பொருத்தியிருந்தால் எலும்பு முறிந்திராதோ என்னும் எண்ணம் இன்றும் நம்மை விட்டபாடில்லை.

அப்பாயி 2022ல், 93ஆம் வயதில் காலமானார். கருமாதிக்கு உற்றார் யாவரும் கூடினர், பந்தலிட்டோம், விருந்திட்டோம். கணக்குப் பார்த்தபோது, அவ்வொரு நாட் செலவு, அவர் உயிரோடிருந்த காலத்தில் கைப்பிடிக்கும் தாங்கிக்கும் உறுதியான நாற்காலிக்கும் ஆன செலவைப்போல் பன்மடங்காக இருந்தது. நம்மவர் இறந்தவருக்குக் காட்டும் தாராளத்தில் பத்தில் ஒரு பங்கை இருப்பவருக்குக் காட்டினால் எத்தனை எலும்புகள் முறியாமல் பிழைக்கும்!

இன்னும் இரண்டு செய்திகளைக் கூறி முடிப்போம். மறதி நோய் முற்றியவரை அடுப்போடு தனியே விடுதல் அறிவன்று. அங்கே காவல் வேண்டும். ஆனால் அவருக்கும் கீரை ஆயவும், துணி மடிக்கவும், எந்தச் சட்டை வேண்டும் என்று சொல்லவும் முடியும். அவ்வளவையேனும் அவரிடம் விட்டுவைக்கவேண்டும். மற்றொன்று, சுயேச்சையின் பெயரால் முதியவரைக் கைவிடுவோரும் உளர். "அவர் தனியாக இருக்கவே விரும்புகிறார்" என்று கூறி ஆண்டுக்கொருமுறை தீபாவளிக்கு எட்டிப் பார்ப்பவர், நாம் சொல்வதைத் தமக்குத் துணையாகக் கொள்ளவேண்டா. தங்களைத் தாங்களே பராமரிக்க இயலாத பெற்றோர் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்பதற்குச் சிங்கப்பூரில் 1995ல் சட்டமே செய்யப்பட்டது. சட்டம் பணத்தை வாங்கித் தரும். பக்கத்தில் நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, முக்கால் மணி நேரம் காத்திருக்கும் பிள்ளையைச் சட்டத்தால் வாங்கித் தர முடியாது.

இறுதி மாதத்தில் அப்பாயிக்குக் குளிக்கும் வலிமை மீண்டும் போயிற்று. ஒரு காலை நம் அன்னையாரை அழைத்து, "முதுக மட்டும் நீ தேச்சு விடு, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார். அன்னையார் முதுகை மட்டும் தேய்த்துவிட்டு வெளியே வந்து நின்றார். ஆறாண்டுகளுக்கு முன் அதே கைகள் அவரை முழுதும் துடைத்துவிட்டபோது சுவரைப் பார்த்தவர், அன்று உள்ளேயிருந்து மீன் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

வாசகர்களே! உங்கள் இல்லத்தில் முதியவர் இருப்பின், இன்று மாலை அவரருகே அமர்ந்து, "நீங்களே செய்யவேண்டும் என்று ஆசைப்படும் காரியம் எது?" என்று கேளுங்கள். அவர் சொல்வது மிகச் சிறியதாக இருக்கும். அதனை அவர் செய்வதற்கு வேண்டிய நாற்காலியையோ, கைப்பிடியையோ, சாவியையோ தேடிக் கொடுத்துவிட்டு, சற்றே விலகி நில்லுங்கள்.